ஆடுவோரும் நிற்போரும்: ராக் மேடையில் உடலின் தொழில்

ராக் இசைக் கச்சேரி ஒன்றைக் கண்டு வீடு திரும்பியவரிடம் அம்மேடையைப் பற்றி விசாரித்தால், அவர் வர்ணிக்கத் தொடங்குவது பெரும்பாலும் ஒரே ஒருவருடைய உருவமாகத்தான் இருக்கும். பள்ளிச் சிறுவனுடைய சீருடையில் மேடை முழுவதும் தத்தித் திரிந்த கிதார்க் கலைஞரையோ, மைக்கை அதன் வடத்தோடு தலைக்குமேல் சுழற்றி வீசிப் பிடித்த பாடகரையோ அவர் விஸ்தாரமாகச் சொல்வார். அக்குழுவில் எஞ்சிய மூவரோ நால்வரோ அவ்வேளையில் என்ன செய்தனர் என்று வினவினால், வாசித்துக்கொண்டிருந்தனர் என்பதற்குமேல் விடை கிடைப்பது அரிது. இந்த மறதி இரசிகருக்கு மட்டும் உரியதன்று. பத்திரிகை விமரிசனங்களும் கச்சேரிப் படங்களும்கூட ஆடுகின்றவரைத் துரத்திச் சென்று, நிற்கின்றவரை விட்டுவிடுகின்றன. மேடைச் சலனம் என்பது தனித்தனி மனிதருடைய சுபாவத்திலிருந்து தற்செயலாகப் பொங்கி வழியும் உற்சாகம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் முழு உண்மையன்று என்பதும், சலனமும் நிச்சலனமும் ஒரு குழுவுக்குள் பங்கிடப்பட்ட தொழில்கள் என்பதும், நிற்பவருடைய உழைப்பை அறியாதவர் ஆடுபவருடைய கலையையும் பாதியே அறிந்தவராவார் என்பதும் இங்கே நான் நிறுவ விரும்பும் கருத்துகள்.

இதற்கு மிகத் தெளிவான திருஷ்டாந்தம், 1973-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற சகோதரர் இருவர் தோற்றுவித்த ஏசி/டிசி என்னும் குழு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்து, குடும்பத்தோடு கடல் கடந்து குடியேறிய இவ்விருவரில் இளையவரான ஆங்கஸ், தம் தமக்கை மார்கரெட் கூறிய யோசனையை ஏற்றுப் பள்ளிச் சீருடையை மேடை உடையாக்கிக்கொண்டவர். ஒரு காலை முன்னே உதறியவாறு மறு காலால் தத்திச் செல்லும் ‘வாத்து நடை’யை அவர் அமெரிக்கக் கலைஞர் சக் பெர்ரியிடமிருந்து எடுத்துக்கொண்டார், தரையில் விழுந்து தம் உடலையே அச்சாகக் கொண்டு வட்டமிட்டுச் சுழலும்போதும் அவருடைய விரல்கள் கிதாரின் தந்திகளை விட்டு நீங்குவதில்லை. மூத்தவரான மால்கமோ, டிரம்ஸுக்கு அருகில், தம் ஒலிபெருக்கிக்கு முன்னால், கால்களைச் சற்றே அகல ஊன்றி, தலையும் ஒரு முழங்காலும் மட்டும் தாளத்துக்கு இசைந்து அசைய, கச்சேரி முழுவதும் அவ்விடத்திலேயே நின்றவர். டிரம்ஸின் மறுபுறத்தில் பேஸ் கிதார் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸும், 1977-இல் குழுவில் சேர்ந்தது முதலாக, அதே கோலத்தை மேற்கொண்டவரே. பல்லவி வரும் சமயத்தில் இருவரும் சில அடிகள் முன்னே நடந்துவந்து, தத்தம் மைக்கில் துணைக்குரல் கொடுத்துவிட்டு, அது முடிந்த மறுகணமே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவர். 1991 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டொனிங்டன் திடலில் படமாக்கப்பட்ட கச்சேரியைப் பொறுமையோடு பார்ப்பவர், இந்த முன்வரவும் பின்னடைவும் பாட்டுக்குப் பாட்டு நியமம்போல் நிகழ்வதைக் காணலாம். நடன ஆசிரியர் வகுத்துக்கொடுத்த அடவுக்கு இருக்கவேண்டிய நிர்ணயம் அதில் இருக்கிறது.

மால்கம் அப்படி நின்றதற்கு இசையே முதற்காரணம். ஓடிக்கொண்டு வாசிப்பவனுடைய காலப்பிரமாணம் எங்கேனும் நொடிப்பொழுது நெகிழ்வது இயற்கை. ஆங்கஸ் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விரையும்போது ஒரு சுரம் விடுபட்டாலும், ஒரு மீட்டு பிந்தி விழுந்தாலும், கேட்பவருடைய செவி அதைக் குறையாகக் கொண்டதில்லை. ஏனெனில் அடியில் மால்கம் வாசித்த ரிஃப், அதாவது பாட்டு முழுவதும் மீண்டும் மீண்டும் வந்து அதன் உருவத்தை நிர்ணயிக்கும் சுழல் வாசிப்பு, இம்மியும் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. தம்பூரா விட்டு விலகாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் தைரியத்தில் நம் பாடகர் இராக சஞ்சாரம் செய்வதுபோல, மால்கம் நின்ற தைரியத்தில் ஆங்கஸ் ஓடினார்.

இரண்டாவது காரணம் பௌதிக சாஸ்திரத்தைச் சார்ந்தது. இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் பயணம் செய்கிறது. ஆகவே டிரம்ஸிலிருந்து 17 மீட்டர் தள்ளி நிற்கும் கலைஞனுடைய காதுக்கு அதன் நேரடி ஒலி வந்து சேர வினாடியில் இருபதில் ஒரு பங்கு பிடிக்கும். நிமிஷத்துக்கு 120 அடிகள் விழும் பாட்டில், ஓர் அடியின் கால்பங்கு என்பது வினாடியில் எட்டில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கில் இருபதில் ஒரு பங்கு தாமதம் அற்பமானதன்று. பேஸ் கிதாரின் கீழ்ஸ்தாயி ஒலியும், டிரம்ஸ் கலைஞர் காலால் மிதித்து எழுப்பும் பெரிய முரசின் ஒலியும் ஒரே கணத்தில் விழுந்தால்தான் பாட்டின் அடித்தளம் உறுதியாக இருக்குமாதலால், பேஸ் வாசிப்பவர் டிரம்ஸின் பக்கத்திலேயே நிற்பது இயல்பாகவே அமைந்துவிட்டது. மேடைத் தரையில் கலைஞரை நோக்கி வைக்கப்படும் மானிட்டர் ஒலிபெருக்கிகளும், பிற்காலத்தில் காதுக்குள்ளேயே பொருத்திக்கொள்ளும் சிறு கருவிகளும் இத்தடையை நீக்கிய பின்னரும், பழைய இருப்பிட வழக்கம் பெரும்பாலும் நிலைத்தே நிற்கிறது.

மேடையில் ஒருவன் எவ்வளவு நடமாடலாம் என்பதை அவனுடைய மனம் மட்டுமே தீர்மானிப்பதில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் இருக்கையை விட்டு எழ முடியாது. பாடிக்கொண்டே கிதார் வாசிப்பவர், தண்டில் பொருத்திய மைக்குக்குக் கட்டுப்பட்டவர். பாடுவதை மட்டும் தொழிலாகக் கொண்டவரும் தனிவாசிப்புக் கிதார்க்காரரும்தாம் ஓரளவு சுதந்தரர். அந்தச் சுதந்தரமும் 1970-களின் நடுப்பகுதி வரையில் வடத்தின் நீளத்துக்கு உட்பட்டதாகவே இருந்தது. 1976 டிசம்பரில், ஃபுளோரிடா மாநிலத்து லேக்லாந்தில், கிஸ் என்னும் குழுவைச் சேர்ந்த ஏஸ் ஃபிரேலி மேடையிலேயே மின்சாரம் தாக்கி வீழ்ந்தார். அதன்பின் அக்குழு, கென் ஷாஃபர் என்பவர் அமைத்திருந்த வடமற்ற வானொலிக் கருவியைக் கைக்கொண்டது. விரைவிலேயே ஆங்கஸ் யங்கும் அதே கருவியைத் தமதாக்கிக்கொண்டார். அவருடைய ஓட்டத்தில் நாம் காணும் விஸ்தீரணத்துக்குப் பின்னால் இப்படியொரு விபத்தின் சரித்திரமும் இருக்கிறது.

சலனம் கண்ணுக்கு விருந்து என்பதோடு, குழுவினர் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் செய்தியும் ஆகும். 1965 ஆகஸ்ட் 15-ஆம் தேதி நியூயார்க்கின் ஷே அரங்கத்தில் ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் பீட்டில்ஸ் குழு வாசித்தபோது, இரசிகரின் கூச்சலுக்கு நடுவே நால்வருக்கும் தம் வாசிப்பே தமக்குக் கேட்கவில்லை. கலைஞர்க்கென்று மானிட்டர் ஒலிபெருக்கிகள் வைக்கும் வழக்கம் அன்று ஏற்பட்டிருக்கவில்லை. அத்தகைய கச்சேரிகளில், முன்னே நிற்கும் தோழர்களின் இடுப்பசைவையும் தலையசைவையும் பின்னாலிருந்து பார்த்தே பாட்டில் எவ்விடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டதாக, டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இலட்சக்கணக்கான இளைஞர் உல்லாசமென்று இரசித்த அந்தத் தலைக் குலுக்கல், பின்னால் அமர்ந்திருந்தவருக்குத் தாளக் குறிப்பாகப் பயன்பட்டிருக்கிறது. பால் மெக்கார்ட்னி இடக்கை வாசிப்பாளர் என்பதால், அவரும் ஜார்ஜ் ஹாரிசனும் ஒரே மைக்கில் முகம் நெருங்கிப் பாடும்போது இருவருடைய வாத்தியங்களும் எதிரெதிர்த் திசைகளில் விரிந்து ஒன்றோடொன்று மோதாமல் அமைந்தன. அந்தச் சமச்சீரான அழகை எவரும் திட்டமிடவில்லை. ஒருவருடைய கைவாகு அளித்த கொடை அது.

பங்கீட்டின் உச்சத்தைக் காணவேண்டுமாயின் இங்கிலாந்தின் ‘தி ஹூ’ என்னும் குழுவிடம் செல்ல வேண்டும். பீட் டவுன்ஷெண்ட் வலக்கையைத் தோளிலிருந்து முழு வட்டமாகச் சுழற்றி, அவ்வட்டத்தின் அடிப்புள்ளியில் தந்திகளைத் தாக்குவார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் மேடைக்குப் போகுமுன் கையை அவ்வாறு சுழற்றுவதைக் கண்டு அதை மேற்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1964-இல் இலண்டனின் புறநகர்ப் பகுதியிலிருந்த ரெயில்வே விடுதியில், தாழ்ந்த கூரையில் அவருடைய கிதாரின் தலைப்பகுதி இடித்து முறிந்தது. பார்த்தவர்களில் சிலர் நகைக்கவே, அவர் எஞ்சியதையும் உடைத்தெறிந்தார். ஈலிங் கலைக்கல்லூரியில் படித்த காலத்தில், தன்னையே அழித்துக்கொள்ளும் கலையைப் பற்றி குஸ்தாவ் மெட்ஸ்கர் நிகழ்த்திய சொற்பொழிவைக் கேட்டிருந்தவராதலால், அந்தத் தற்செயலைக் கொள்கையாக மாற்றிக்கொள்வது அவருக்குக் கடினமாக இருக்கவில்லை. பாடகர் ரோஜர் டால்ட்ரி மைக்கை அதன் வடத்தோடு இறுகச் சுற்றி ஒட்டிவிட்டு, பாட்டில்லாத இடைவெளிகளில் அதைச் சுழற்றி வீசிப் பிடிப்பார். டிரம்ஸ் வாசித்த கீத் மூன் உட்கார்ந்த இடத்திலேயே தோள், தலை, முகம் யாவற்றாலும் ஆடினார். இம்மூவரின் கொந்தளிப்புக்கு நடுவே, பேஸ் கிதார் வாசித்த ஜான் என்ட்விசில், முகத்திலும் பெரிதாக மாறுதலின்றி, ஊன்றிய காலைப் பெயர்க்காமல் நின்றார். அவரிடத்தில் அசைந்தவை விரல்கள் மட்டுமே. ஆயினும் அவ்விரல்களின் வேகத்தைக் கவனித்தவர், குழுவிலேயே அதிகமாக இயங்கியவர் அவரோ என்றுகூட ஐயுறுவர்.

இக்குழுவில் இசைப் பொறுப்புகளே தலைகீழாக மாறியிருந்தன என்பதை நினைவில் கொண்டால்தான் அந்த நிற்றலின் மதிப்பு விளங்கும். வேறு குழுக்களில் டிரம்ஸ் காலத்தைக் காக்கும். கிதார் அலங்காரம் செய்யும். இங்கேயோ மூன் பாட்டின் போக்கைப் பின்தொடர்ந்து விடாமல் அலங்காரம் செய்துகொண்டிருக்க, காலத்தைக் காக்கும் பொறுப்பு டவுன்ஷெண்டின் தாள கிதாருக்கு வந்தது. சுரவரிசைகளால் இடைவெளியை நிரப்பும் பொறுப்பு என்ட்விசிலின் பேஸுக்குச் சென்றது. எனவே அந்தக் கைச்சுழற்சியும், பாட்டை முடிக்கும் தறுவாயில் டவுன்ஷெண்ட் எம்பிக் குதிப்பதும், இரசிகருக்குக் களிப்பூட்டியதோடு, அடுத்த ஸ்வரக்கூட்டு எந்தக் கணத்தில் விழும் என்பதைத் தோழர்களுக்கு முன்கூட்டியே காட்டும் சமிக்ஞைகளாகவும் இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. கை வட்டத்தின் உச்சியிலிருந்து இறங்குவதைக் காண்பவருக்கு, அடி எப்போது விழும் என்று சொல்ல வேண்டுவதில்லை அல்லவா?

1971-இல் வெளிவந்த ‘வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்’ என்ற பாட்டு இத்தொழிற்பங்கீட்டின் உரைகல். அப்பாட்டில் சிந்தசைசர் இசை முன்பே பதிவுசெய்த நாடாவிலிருந்து வருவது. நாடா மனிதருக்காகக் காத்திராதாகையால், மேடையில் மூன் காதுகளில் ஒலிக்கருவியைப் பொருத்திக்கொண்டு அதை அனுசரித்து வாசித்தார். பாட்டின் பிற்பகுதியில் நாடா ஒன்றே நெடுநேரம் தனித்து ஒலிக்கிறது. பிறகு டிரம்ஸ் வெடிக்கிறது. அதன் முடிவில் டால்ட்ரியின் பேரலறல். 1978 மே 25-ஆம் தேதி ஷெப்பர்டன் படப்பிடிப்பு நிலையத்தில், ஜெஃப் ஸ்டைன் இயக்கிய ‘தி கிட்ஸ் ஆர் ஆல்ரைட்’ படத்துக்காக இப்பாட்டை அவர்கள் வாசித்தனர். அந்த அலறல் எழும் தருணத்தில் டவுன்ஷெண்ட் முழந்தாளிட்டு மேடையைக் குறுக்கே வழுக்கிக் கடக்கும் காட்சி உலகப் பிரசித்தி பெற்றது. அது மூன் பங்குகொண்ட கடைசிக் கச்சேரி. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் காலமானார். அவ்வழுக்கலின் வல்லமை அதற்கு முன்னிருந்த நீண்ட காத்திருப்பில் இருக்கிறது என்பதைப் படத்தை மீண்டும் பார்ப்பவர் உணர்வர். நால்வரும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு பாய்ச்சல் கண்ணில் பட்டிருக்காது.

இவ்விஷயத்தில் ஆராய்ச்சியாளர் கண்டவற்றையும் சொல்ல வேண்டும். 1993-இல் ஜேன் டேவிட்சன் என்னும் அறிஞர், வயலின் கலைஞரைப் பாவமின்றியும், இயல்பாகவும், மிகைப்படுத்தியும் வாசிக்கச் செய்து, அவர்களுடைய உடலின் மூட்டுகள் மட்டும் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும்படி படமெடுத்துக் காட்டியபோது, அம்மூன்று முறைகளையும் பிரித்தறிவதில் செவியைவிடக் கண்ணே கூர்மையாக இருந்தது. அவரும் கவோரி குரோசவாவும் 2005-இல் அயர்லாந்தின் ‘தி கோர்ஸ்’ குழுவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மேடைக் கலைஞனின் உடல், பாட்டின் பொருளை உணர்த்துவது, இரசிகரை வயப்படுத்துவது, சக கலைஞருக்குக் குறிப்புத் தருவது ஆகிய மூன்று வேலைகளையும் மாறிமாறியோ ஒருங்கேயோ செய்கிறது என்பது டேவிட்சனின் ஆய்வுகளிலிருந்து பெறப்படும் கருத்து. 2013-இல் சியா-ஜங் சாய் வெளியிட்ட ஆய்வு இன்னும் அதிகமாகப் பேசப்பட்டது: இசைப்போட்டியில் வென்றவர் யார் என்பதை, ஒலியைக் கேட்டவர்களைவிட, ஒலியற்ற படத்தைப் பார்த்தவர்களே மிகுதியாகச் சரியாக ஊகித்தனர். எனினும், தேர்ந்தெடுக்கும் படத்துணுக்குகளைப் பொறுத்தே அம்முடிவு அமைகிறது என்று பின்வந்த ஆய்வாளர் எச்சரித்திருப்பதால், இசையில் கண்ணே பிரதானம் என்று அதிலிருந்து முழங்குவது நியாயமாகாது.

இந்த ஆங்கிக அபிநயம் யாருடைய பிதுரார்ஜிதம் என்ற கேள்விக்கு விடை ஐயத்துக்கிடமற்றது. மிசிசிப்பியில் 1920-களிலேயே சார்லி பாட்டன் கிதாரை முதுகுக்குப் பின்னும் முழங்கால்களுக்கிடையிலும் வைத்து வாசித்தார். டி-போன் வாக்கர் அதைக் கழுத்துக்குப் பின்னே தூக்கிப் பிடித்தபடியே கால்களை இருபுறமும் நீட்டித் தரையில் அமர்ந்தார். சக் பெர்ரி தத்தினார். 1964 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சாந்தா மோனிகாவில் படமாக்கப்பட்ட நிகழ்ச்சியொன்றில், ஜேம்ஸ் பிரவுன் ஆடி முடித்த மேடையில் அவருக்கு அடுத்து ஏற வேண்டிய சோதனை ரோலிங் ஸ்டோன்ஸுக்கு நேர்ந்தது. பிரவுனிடமிருந்து அக்குழுவின் பாடகர் மிக் ஜாகர் கற்றது எவ்வளவு என்பதைப் பிற்காலத்து அடிவைப்புகள் காட்டுகின்றன. கறுப்பினக் கலைஞர் தம் உடலில் வளர்த்த கலையை வெள்ளை இளைஞர் ஏற்று, உலக அரங்குகளில் பெரும் பொருள் ஈட்டினர் என்ற உண்மையைச் சொல்லாமல் ராக் மேடையின் அழகை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

என் கொள்கைக்கு மாறான உதாரணங்கள் உண்டு. ‘தி கிளாஷ்’ குழுவின் பால் சிமனன் பேஸ் கிதார்க்காரர். ஆயினும் அவர் ஓரிடத்தில் நின்றவரல்லர். 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பல்லேடியம் அரங்கில், இரசிகரை இருக்கையை விட்டு எழவொட்டாமல் காவலர் தடுத்த எரிச்சலில், அவர் தம் வாத்தியத்தைத் தரையில் மோதி உடைத்தார். பென்னி ஸ்மித் எடுத்த அந்தப் புகைப்படம் ‘லண்டன் காலிங்’ இசைத்தட்டின் அட்டையாயிற்று. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஃப்ளீயும் பேஸ் வாசித்துக்கொண்டே துள்ளுபவர். அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் மானிட்டர்மேல் காலூன்றிக் கூட்டத்தை நோக்கி முன்சாய்பவர். இவற்றால் கொள்கை தகர்வதாக நான் கருதவில்லை. நிற்கும் தொழில் பேஸ் கிதாருக்கென்று பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. பேஸ் ஆடினால் வேறொருவர் ஆதாரமாகிறார். கிளாஷில் அந்தச் சுமையைத் தாங்கியது டாப்பர் ஹெட்டனின் டிரம்ஸ். ஃப்ளீக்கு சாட் ஸ்மித்தின் உறுதியான அடி துணை. எல்லோரும் சேர்ந்து ஆடும் குழுக்களும் இருக்கின்றன; அவற்றில் எவரையும் தனித்துக் காண முடிவதில்லை.

குயீன் குழுவைப் பற்றி இங்கே சுருக்கமாகவே கூறுகிறேன், ஏனெனில் 1985 ஜூலை 13-ஆம் தேதி வெம்பிளி அரங்கில் நிகழ்ந்த ‘லைவ் எய்ட்’ கச்சேரியில் ஃபிரெடி மெர்குரி ஏறக்குறைய இருபத்தொரு நிமிஷத்தில் செய்து காட்டியது பலராலும் எழுதப்பட்டுவிட்டது. பாதித் தண்டோடு கூடிய மைக்கை ஏந்தி அவர் எழுபதினாயிரம் பேருடைய கைகளைத் தலைக்குமேல் தட்டவைத்தபோது, பேஸ் வாசித்த ஜான் டீக்கன் டிரம்ஸின் அருகே சிறு அடிகள் வைத்தபடி, டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லரோடு சேர்ந்து அடித்தளம் அமைத்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் நினைவூட்ட வேண்டும்.

ஆடுபவர் செலுத்தும் விலையும் சிறிதன்று. 1977 ஜனவரியில் டாம்பா நகரில் பாடகி பேட்டி ஸ்மித் மேடையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறியப்பெற்றார். 1989-இல் டவுன்ஷெண்ட் கையைச் சுழற்றியபோது கிதாரின் உலோக நெம்புகோல் உள்ளங்கையைத் துளைத்தது. தலையை ஓயாமல் உலுக்கிப் பாடிய ஸ்லேயர் குழுவின் டாம் அராயா, 2010-இல் கழுத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு அப்பழக்கத்தை அடியோடு விட்டார். சராசரியாக நிமிஷத்துக்கு 146 அடிகள் கொண்ட பாட்டுக்குத் தலையை 75 பாகைக்கு மேற்பட்ட வீச்சில் ஆட்டினால் மூளைக்கு இலேசான காயம் நேரக்கூடும் என்று 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் ஆய்வாளர் இருவர் கணக்கிட்டனர். 2015 ஜூனில் சுவீடனின் கோத்தன்பர்க்கில் மேடையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட ஃபூ ஃபைட்டர்ஸ் தலைவர் டேவ் குரோல், அக்கச்சேரியையும் முடித்துவிட்டு, அடுத்து வந்த கச்சேரிகளைச் சிம்மாசனம் போன்ற இருக்கையில் அமர்ந்தே நடத்தினார். தலையும் தோளும் முகமும் ஓட்டத்தின் வேலையை ஏற்றுக்கொண்டன.

நிற்பவர்கள் கூச்சத்தினால் நிற்கிறார்கள் என்று சொல்வோருக்கு இரண்டு நிகழ்ச்சிகள் விடையளிக்கும். 2002 ஜூன் 27-ஆம் தேதி, அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதற்கு முந்திய நாள், என்ட்விசில் லாஸ் வேகாஸில் காலமானார். சில நாட்களுக்குள் பினோ பல்லடினோ அவருடைய இடத்தில் வந்து, அவரைப்போலவே பெயராமல் நின்று வாசித்தார். 2014-இல் மால்கம் நோயுற்று விலகியபோது, அவருடைய அண்ணன் மகன் ஸ்டீவி யங் அதே இடத்தில் நின்று, பல்லவிக்கு முன்வந்து பின்செல்லும் அதே கடமையை ஏற்றார்; மால்கம் 2017 நவம்பர் 18-ஆம் தேதி மறைந்தார். ஆள் மாறியும் நிலை மாறாதிருப்பது, அது சுபாவத்தின் விளைவாக மட்டும் இருந்திருந்தால் எவ்வாறு சாத்தியமாகும்? அது பதவி, இசையின் தேவையால் உண்டான பதவி.

இன்றைய பேரரங்குகளில் உயர்த்தி மாட்டிய திரைகள் ஒரே முகத்தைப் பூதாகாரமாகக் காட்டி, இப்பதவியை வகிப்போரை மேலும் மறைத்துவிடுகின்றன. கச்சேரிகளைப் படமெடுக்கும் இயக்குநர்கள் பாட்டுக்கு ஒரு தடவையேனும், குழு முழுவதும் தெரியும் அகன்ற காட்சியை ஒரு சரணம் முடியும் வரையில் வெட்டாமல் வைத்திருக்க வேண்டும். அவர்கள் அதைச் செய்யும்வரை, இதைப் படிக்கும் அன்பர்கள் அடுத்த முறை ஒரு ராக் கச்சேரியைப் பார்க்கும்போது, ஒரு பாட்டு முழுவதையும் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தபடியே கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.